2025 கோடை: நம்ம ஊர்ச் செய்திகள்

 

போன வாரம் 1997-இல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த மாணவி ஒருத்தி வாட்ஸ்அப்பில் நிறைய படங்கள் அனுப்பியிருந்தாள். இப்போது இங்கிலாந்தில் ஒரு சின்ன கிராமத்தில் குடியிருக்கிறாள். அங்கே கோடைத் திருவிழாவாம். சர்ச் பக்கத்துப் புல்வெளியில் சின்னச் சின்னக் கூடாரங்கள், வீட்டில் செய்த கேக் விற்கிற மேசை, பழைய புத்தகக் கடை. பிள்ளைகளுக்குச் சாக்கு ஓட்டம், பெரியவர்களுக்குக் கயிறு இழுக்கும் போட்டி. சேருகிற பணத்தில் ஊர்ப் பொது மண்டபத்தின் கூரையைச் சரி பண்ணுவார்களாம். யார் வீட்டில் என்ன விசேஷம், எந்த ரோடு மூடியிருக்கிறது என்றெல்லாம் ஊர்ச் செய்தித்தாள் ஒன்று வீடு வீடாக வருமாம். "ராத்திரி ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கு டீச்சர்" என்று ஆச்சரியமாக எழுதியிருந்தாள். நம்ம ஊரில் வருஷத்திலேயே நீளமான பகல்கூடப் பதிமூன்று மணி நேரத்தைத் தொடாது. பூமி சாய்ந்திருப்பதால் வருகிற வித்தியாசம் என்று டார்ச் லைட்டும் பந்தும் வைத்து உங்களுக்கு நடத்தியது நினைவிருக்கிறதா?

கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தாள். "நம்ம ஊர்ல இந்த லீவுல என்ன விசேஷம் டீச்சர்? லெட்டர் மாதிரி எழுதுங்களேன்."

எழுதலாம் என்று உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளமாகிவிட்டது. பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் வெயில். கத்திரி மே 4-ஆம் தேதி தொடங்கி 28-ஆம் தேதி முடிந்தது. நடுநடுவே மழை வந்து காப்பாற்றியது. கேரளாவில் தென்மேற்குப் பருவமழையே மே 24-இல் தொடங்கிவிட்டது. 2003 மே 31-ஆம் தேதி சென்னையில் 45 டிகிரி அடித்ததே, அந்த மாதிரி எல்லாம் இல்லை. இங்கிலாந்திலேயே 2022 ஜூலையில் முதல் தடவையாக 40 டிகிரி தாண்டியது. அதனால் வெயில் நமக்கு மட்டும் சொந்தம் என்று இனிமேல் பெருமைப்பட முடியாது.

சித்திரைச் சதயத்தன்று நம்ம திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர் கோயிலில் நல்ல கூட்டம். வருஷம் முழுக்கச் சந்தனக் காப்பில் இருக்கிற சுவாமியை அப்போதுதான் காப்பில்லாமல் பார்க்கலாம். தொண்டைமான் முல்லைக் கொடியை வெட்டும்போது வாள் பட்ட தழும்பை ஆற்றத்தான் சந்தனம் என்று தலபுராணம். சன்னதிக்கு முன்னால் நிற்கிற வெள்ளெருக்குத் தூண்களையும், சுவாமியைப் பார்க்காமல் வெளியே பார்த்து உட்கார்ந்திருக்கும் நந்தியையும் வருஷா வருஷம் உங்களுக்குச் சுற்றிக் காட்டியிருக்கிறேன். இந்த வருஷம் மூட்டு வலியோடு வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றேன். முன்னால் நின்றிருந்த போலீஸ்காரர் திரும்பிப் பார்த்து, "டீச்சர், நான் 2004 பேட்ச். போர்டுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்குவேனே, அவன்தான்" என்றார். நாற்காலி வாங்கிப் போட்டார். நன்றாக இருக்கட்டும்.

பூந்தமல்லியில் இருக்கிற என் தங்கைக்கு இந்த வருஷம் ஒரே பெருமை. மார்ச் 20-ஆம் தேதி பூந்தமல்லியிலிருந்து முல்லைத்தோட்டம் வரைக்கும் மெட்ரோ ரயிலைச் சோதனை ஓட்டம் விட்டார்கள். மொட்டை மாடியில் நின்று பார்த்தாளாம். "அக்கா, உங்க பக்கம் இன்னும் எலெக்ட்ரிக் ட்ரெயின்தானே?" என்று கேட்கிறாள். இருக்கட்டும். அந்த ரயிலில்தானே டேங்க் ஃபேக்டரிக்கும் டிஐ சைக்கிளுக்கும் டன்லப்புக்கும் போய் உங்கள் அப்பாக்கள் உங்களை வளர்த்தார்கள்.

சாயங்காலங்களில் எங்கள் வீட்டுக்காரரோடு ஆவடி பருத்திப்பட்டு ஏரிப் பூங்காவுக்குப் போனேன். அவர் நடப்பார், நான் பெஞ்சில் உட்கார்ந்து நீர்க்காகம் சிறகு காய வைப்பதைப் பார்ப்பேன். ருமானி மாம்பழம் இந்த வருஷமும் தித்திப்பு. ஜவ்வரிசி வடாம் இரண்டு படி போட்டேன், ஒரு படி மழையில் போனது.

ஒரு துக்கச் செய்தியும் உண்டு. பள்ளி வாசலில் தேன் மிட்டாயும் கமர்கட்டும் விற்ற தாத்தா மே மாதம் காலமாகிவிட்டார். உங்களில் பாதிப் பேர் அவருக்குக் கடன் பாக்கி. அவர் கணக்கு நோட்டு வைத்துக்கொண்டதில்லை. அதனால் எல்லோரும் தப்பித்தீர்கள்.

இனி நீர்மோர்ப் பந்தல் கதைக்கு வருகிறேன். இதை எழுதத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

பஸ் ஸ்டாப் பக்கத்து வேப்பமரத்தடியில் மே மாதம் முழுக்க நம்ம பந்தல் இருப்பது உங்களுக்குத் தெரியும். பலபேர் பணம் அனுப்புகிறீர்கள். உள்ளூரில் இருக்கிற பழைய மாணவர்கள் நான்கு பேர் முறை வைத்து வந்து நிற்கிறார்கள். காலையில் 5 லிட்டர் தயிரைக் கடைந்து 20 லிட்டர் மோராக்குவோம். இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொத்தமல்லி, பெருங்காயம், உப்பு. மணல் பரப்பி அதன்மேல் இரண்டு மண்பானைத் தண்ணீர், உள்ளே வெட்டிவேர். 11 மணிக்குத் திறந்தால் 3 மணிக்குள் எல்லாம் காலி. ஆட்டோக்காரர்கள், கூரியர் பையன்கள், எஸ்டேட்டுக்கு லோடு ஏற்றிப் போகிற லாரி டிரைவர்கள், தூய்மைப் பணியாளர்கள் என்று எல்லோரும் வருவார்கள். 2019-இல் ஆரம்பித்தோம். கொரோனா வந்த இரண்டு வருஷம் நடத்தவில்லை. 2022-லிருந்து விடாமல் நடக்கிறது.

"டீச்சருக்கு எவ்வளவு தாராள மனசு" என்று நீங்கள் ஒவ்வொரு வருஷமும் எழுதுவீர்கள். அதைப் படிக்கும்போது எனக்கு உள்ளே குறுகுறுக்கும். ஏன் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வீட்டுக்காரருக்கே சமீபத்தில்தான் தெரியும்.

2019 கோடை எப்படிப்பட்டது என்று இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் எல்லாம் வறண்டு வெடித்துக் கிடந்தன. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வில்லிவாக்கத்துக்கு ரயிலில் வந்து இறங்கியது. அதற்கு முந்தைய மாதம் எங்கள் தெருவில் ஒரு போரிலும் தண்ணீர் இல்லை. நான் ரிட்டையர் ஆகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. மாமியார் படுத்த படுக்கை. லாரி எப்போது வரும் என்று தெரியாது. வந்தால் வரிசையில் நின்று ஆறு குடம். அதில் சமையல், குடிக்க, மாமியாரைத் துடைத்துவிட, எல்லாம்.

ஜூனில் ஒரு மத்தியானம், கேட்டைத் தட்டுகிற சத்தம். குப்பை வண்டி தள்ளுகிற அம்மா. வெயிலில் முகம் கறுத்து, கையில் காலி பாட்டிலோடு நின்றார். "அம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி ஊத்துங்கம்மா."

நான், "தண்ணி இல்லம்மா" என்று சொன்னேன்.

"பரவால்லம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அவர் முகத்தில் கோபம் இல்லை. கேட்டுப் பழகியவர் போல இருந்தது.

கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தேன். சமையலறையில் ஒரு குடம் நிறைய, இன்னொரு குடத்தில் பாதி. ஒரு பாட்டில் ஊற்றியிருந்தால் அந்தப் பாதி கொஞ்சம் குறைந்திருக்கும், அவ்வளவுதான். முப்பத்து நான்கு வருஷம் ஆத்திசூடி நடத்தியவள் நான். பிள்ளைகள் டிபன் பாக்ஸைப் பகிர்ந்து சாப்பிடாவிட்டால் வகுப்பில் நிற்க வைத்தவள். ஓடிப்போய் அவரைக் கூப்பிடலாமா என்று தோன்றியது. "இல்லை என்று சொல்லிவிட்டு இப்போது எப்படி இருக்கிறது என்று கொடுப்பது?" என்று வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில் அப்படியே நின்றுவிட்டேன். பொய் சொன்னதைவிட இதுதான் பெரிய தப்பு என்று இப்போது நினைக்கிறேன்.

மறுவாரம் லாரி ஒழுங்காக வர ஆரம்பித்ததும் வேப்பமரத்தடியில் ஒரு பானை வைத்தேன். அதுதான் நம்ம பந்தலின் தொடக்கம். தாராள மனசு எல்லாம் இல்லை.

அந்த அம்மாவும் பந்தலுக்கு வருவார். எனக்குத்தான் அவரைப் பார்க்க ஒரு மாதிரியாக இருக்கும். டம்ளரில் கொடுத்தால் வாங்க மாட்டார். "பாட்டில்லயே ஊத்துங்க டீச்சர்" என்று தன் பாட்டிலை நீட்டுவார். "டம்ளர்லயே குடிம்மா" என்று நான் ஒவ்வொரு தடவையும் சொல்வேன். சிரித்துக்கொண்டே பாட்டிலைத்தான் நீட்டுவார்.

இந்த ஏப்ரல் கடைசியில் நடந்ததைச் சொல்கிறேன்.

நம்ம பள்ளி உங்களுக்குத் தெரிந்த பள்ளி இல்லை இப்போது. நான் 1996-இல் மாற்றலாகி வந்தபோது 210 பிள்ளைகள். ஒரு பெஞ்சில் ஐந்து பேர் உட்கார்ந்தீர்கள். போன வருஷம் மொத்தம் 39 பேர். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்தான் என்பது விதி. ஐந்து வகுப்பையும் இரண்டு பேர் பார்க்கிறார்கள். ஐந்தாம் வகுப்பு முடித்து 9 பேர் வெளியே போகிறார்கள், உள்ளே எத்தனை பேர் வருவார்களோ என்று தலைமையாசிரியை கவலையாக இருந்தார். "நீங்களும் கூட வந்தா நாலு வீட்ல கேப்பாங்க டீச்சர்" என்று கூப்பிட்டார். நோட்டீஸ் கட்டோடு மூன்று நாள் வீடு வீடாகப் போனோம்.

மூன்றாம் நாள் ஒரு வீட்டில் கதவைத் திறந்தது அந்தக் குப்பை வண்டி அம்மாவின் மகள். ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றது. மகள் துணிக் கம்பெனியில் தையல் வேலை. நான் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். புத்தகம், சீருடை எல்லாம் இலவசம், ஆங்கில வழியும் உண்டு, காலை உணவு உண்டு. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தால் கல்லூரி போகும்போது மாதம் 1000 ரூபாய் வரும் என்பது வரைக்கும் சொன்னேன்.

அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தப்பா நினைக்காதீங்க டீச்சர். உங்க பையனை எங்க படிக்க வச்சீங்க?" என்று கேட்டாள்.

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். அந்தக் காலத்தில் அப்படி, வீட்டுப் பெரியவர்கள் சொன்னார்கள் என்று ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம்.

"பிரைவேட்லதாம்மா படிக்க வச்சேன். என் ஸ்கூல்ல சேர்க்கணும்னு எனக்குத் தைரியம் வரல" என்றேன்.

உண்மையில் அப்படித்தான். என் வகுப்பில் உங்களுக்கெல்லாம் எவ்வளவு நன்றாக நடத்தினாலும் என் சொந்தப் பிள்ளை என்று வந்தபோது நான் என்னையே நம்பவில்லை. என் மகன் இதைப் படிப்பான். அவனுக்கும் இது தெரியட்டும்.

அதற்குள் குப்பை வண்டி அம்மா உள்ளேயிருந்து வந்து, எனக்கு ஒரு ஸ்டூலைப் போட்டு, சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நான் கேட்கவே இல்லை. அந்தச் சொம்பைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை. ஒரு உண்மை வெளியே வந்தால் அடுத்தது தானாக வந்துவிடுகிறது. 2019-இல் நடந்ததைச் சொன்னேன். "அன்னிக்கு வீட்ல தண்ணி இருந்துதும்மா. இல்லைன்னு சொல்லிட்டேன். மன்னிச்சுக்கோம்மா."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"எனக்கு ஞாபகமே இல்ல டீச்சர். அந்த வருஷம் எத்தினி வீட்ல கேட்டிருப்பேன். எந்த வீட்ல குடுக்கலைன்னு கணக்கு வச்சுக்கினா அப்புறம் எந்தத் தெருவுல நான் வேலை செய்றது?"

எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. ஆறு வருஷம் நான் தூக்கிச் சுமந்த ஒன்று அவருக்கு நினைவுகூட இல்லை. அவர் பெருந்தன்மையாக மன்னித்தார் என்று எழுத ஆசைதான். ஆனால் அவர் மன்னிக்கவில்லை. நினைவு வைத்துக்கொள்ள முடியாத அளவுக்கு அவருக்கு அது தினசரி விஷயம். "இல்லை" என்று சொன்ன வீடுகளில் நானும் ஒரு வீடு, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து வெகு நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் எங்கள் வீட்டுக்காரரிடமும் சொன்னேன். அவர், "அன்னிக்கு நானா இருந்தாலும் இல்லைன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார். எனக்கு ஆறுதல் சொல்வதற்காகச் சொன்னாரா, உண்மையைச் சொன்னாரா என்று தெரியவில்லை.

மே மாதம் பந்தல் வழக்கம்போல நடந்தது. ஒரு நாள் அந்த அம்மா பேத்தியையும் அழைத்துவந்தார். வழக்கம்போலப் பாட்டிலை நீட்டினார், ஊற்றினேன். குழந்தை மட்டும் மேசைமேல் எட்டி, டம்ளரைத் தானே எடுத்துப் பானைத் தண்ணீரை மொண்டு குடித்தது. பாட்டி, "ஏய், வைடி" என்று அதட்டினார். "நீ குடிம்மா" என்று நான் சொன்னேன். அது மோரும் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு, "காரமா இருக்கு" என்று முகத்தைச் சுளித்தது. பச்சை மிளகாய் அன்றைக்குக் கொஞ்சம் தூக்கல்தான்.

ஜூன் 2-ஆம் தேதி பள்ளி திறந்தது. பழைய வழக்கம் விடுமா? நானும் காலையிலேயே போய் வாசலில் நின்றேன். ஒன்றாம் வகுப்பில் புதிதாக 7 பேர். ஆக மொத்தம் 37. ஏழாவதாகச் சேர்ந்தது அந்தப் பெண் குழந்தை. எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் போட்டு, புதுப் பையோடு வந்திருந்தது.

என் பேச்சைக் கேட்டுத்தான் சேர்த்தார்கள் என்று எனக்குள்ளே ஒரு சின்னக் கர்வம். மகளிடம் மெதுவாகக் கேட்டேன். அவள் சொன்னாள்: "நானும் அம்மாவும் காலைல ஆறு மணிக்கெல்லாம் வேலைக்குக் கிளம்பிடுறோம் டீச்சர். இங்கன்னா டிபன் குடுத்துடுறாங்க. பக்கத்து வீட்ல விட்டுட்டா அவங்க கொண்டாந்து விட்டுடுவாங்க. அதான். ஒரு வருஷம் பாக்கலாம்."

ஒரு வருஷம் பார்க்கலாம். நியாயமான பேச்சு. அந்த ஒரு வருஷத்தில் குழந்தைக்கு எழுத்தும் கணக்கும் நன்றாக வந்தால் அடுத்த வருஷமும் இருக்கும். அதனால் தலைமையாசிரியையிடம் கேட்டுக்கொண்டு, செவ்வாயும் வியாழனும் காலை ஒரு மணி நேரம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லவும் எழுத்துச் சொல்லிக்கொடுக்கவும் போகிறேன். சம்பளம் இல்லை, பதிவேடு இல்லை, பாடத்திட்டக் குறிப்பு எழுத வேண்டியதில்லை. வாழ்க்கையில் இவ்வளவு சுகமாக நான் வகுப்பு எடுத்ததே இல்லை.

இங்கிலாந்துப் பெண்ணே, நீ கேட்ட ஊர்ச் செய்தி இவ்வளவுதான். நம்ம ஊரில் கேக் விற்றுக் கூரை போடுகிற வழக்கம் இல்லை. ஆனால் கோடை என்றால் ஊர்க்காரர்கள் ஏதோ ஒரு மரத்தடியில் கூடுவது அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான் போலிருக்கிறது.

கடைசியாக எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள்.

அடுத்த தை மாதம் எனக்கு மூட்டு அறுவை சிகிச்சை. மே மாதத்துக்குள் எழுந்து நடந்துவிடலாம் என்று டாக்டர் சொல்கிறார். ஆனால் நாலு மணி நேரம் நின்று மோர் ஊற்ற முடியுமா என்று தெரியவில்லை. ஒரு மண்பானையும் இந்த வருஷம் விரிசல் விட்டுவிட்டது. பந்தல் என்னோடு நின்றுவிடக் கூடாது.

பணம் இந்தத் தடவை அனுப்ப வேண்டாம். இருக்கிற பணமே போதும். நீங்கள் லீவில் ஊருக்கு வந்தால் ஒரு நாள், ஒரு மணி நேரம், வேப்பமரத்தடியில் வந்து நில்லுங்கள். உங்கள் பிள்ளைகளையும் நிற்க வையுங்கள். யாராவது பாட்டிலை நீட்டினால் பாட்டிலில் ஊற்றுங்கள். ஆனால் டம்ளரையும் ஒரு தடவை நீட்டிப் பாருங்கள். வாங்காவிட்டால் வற்புறுத்த வேண்டாம், மறுநாளும் நீட்டுங்கள்.

பச்சை மிளகாயை மட்டும் கொஞ்சம் குறைத்துப் போடுங்கள். ஒன்றாம் வகுப்புக்காரி ஒருத்தி புகார் சொல்லியிருக்கிறாள்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்